திருவிழாப் பந்தல்களின் மின் ஒயர்களைச் சோதித்த பிறகே விளக்கேற்ற அனுமதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தையல் தொழிலாளி ஒருவரும் தெருமக்களும்,
மாரியம்மன் கோயில் தெரு,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தஞ்சாவூர்.

பொருள்: திருவிழாக்களில் தற்காலிக மின் ஒயர்களைச் சோதிப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த ஆடித் திருவிழாவில் கஞ்சி வாங்க வரிசையில் நின்ற என் அண்ணன் மகள், பந்தலின் இரும்புக் குழாயைப் பிடித்தாள். பிடித்த கையை அவளால் எடுக்க முடியவில்லை. பத்து வயதுப் பிள்ளை. பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா அவளைத் தொடாமல், காய்ந்த மூங்கில் கழியால் கையைத் தட்டிவிட்டார். அதனால்தான் எங்கள் பிள்ளை எங்களுக்குக் கிடைத்தாள். உள்ளங்கைத் தழும்பு இன்னும் ஆறவில்லை.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். சீரியல் செட் ஒயரைக் கட்டுக்கம்பியால் குழாயோடு இறுக்கியிருந்தார்கள். கம்பி மேலுறையை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. இரண்டு இடங்களில் ஒயரை வெறுமனே முறுக்கி, டேப்கூடச் சுற்றாமல் மழைநீர் தேங்கிய தரையில் போட்டிருந்தார்கள். மின்சாரம் எடுத்தது ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து. பிளக் கிடையாது, இரண்டு ஒயர் முனைகளைத் துளையில் நுழைத்துத் தீக்குச்சி செருகியிருந்தார்கள். எர்த் ஒயரே இல்லை. பந்தல்காரரை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பல ஆண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது, நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று பலர் கேட்டார்கள். பல ஆம்பியர் பாய்ந்து ஒயர் சூடேறும்போதுதான் ஃபியூஸ் உருகும். மனித உயிரைப் பறிக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே, அதாவது 100 மில்லி ஆம்பியரே போதும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவி அன்று அங்கே இல்லை.

2022 ஏப்ரல் 27 அதிகாலை நம் மாவட்டத்துக் களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. எங்கள் ஊரிலும் இப்போது சாமி புறப்பட்டால் தெரு மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். ஆனால் மேலே பார்க்கும் கண்கள் காலடியில் கிடக்கும் ஒயரைப் பார்ப்பதில்லை.

எனவே, திருவிழாவுக்கு அனுமதி வழங்கும்போதே சில நிபந்தனைகளை விதிக்க வேண்டுகிறோம். வீட்டிலிருந்து ஒயர் இழுக்காமல் முறையான தற்காலிக மின் இணைப்பு பெற வேண்டும். அதில் எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருக்க வேண்டும். தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளர் சோதித்துக் கையெழுத்திட்ட பிறகே விளக்கு எரிய வேண்டும். சிறிய கோயில்களுக்கு இந்தச் செலவு பாரம்தான். ஆகவே ஊராட்சிக்கு ஒன்றாக, இவை பொருத்திய மின்பலகை ஒன்றை வாங்கி வைத்து, விழா நடத்துவோருக்கு இரவலாகத் தர ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம்.

வரும் ஆடி முதல் வெள்ளிக்குக் காப்புக் கட்டுகிறோம். அதற்கு முன் தாங்கள் ஆணையிட்டால், கோயில் பக்கமே வரமாட்டேன் என்று அழும் பிள்ளையை நான் கைப்பிடித்து அழைத்துப் போவேன்.

இப்படிக்கு,
மாரியம்மன் கோயில் தெரு மக்கள்