காதால் வாசித்தவர்களையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த 'என்னை உருவாக்கிய புத்தகங்கள்' பகுதியை ஒரு வரி விடாமல் படித்தேன். பேராசிரியர், டாக்டர், ஓய்வுபெற்ற அதிகாரி என்று பலரும் எழுதியிருந்தார்கள். நல்ல பட்டியல்தான். அதில் எனக்குத் தெரியாத சில பெயர்களைக் குறித்தும் வைத்துக்கொண்டேன். ஆனால் எழுதிய எல்லோரும் ஒரே மாதிரி வாசித்தவர்கள். மொட்டை மாடி அல்லது தனி அறை, கையில் சொந்தப் புத்தகம், பக்கத்தில் ஒரு ஆள் கிடையாது. புத்தகம் என்றால் இப்படித்தான் வாசிக்க வேண்டும்போல என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்கள் என்றுதான் இந்தக் கடிதம்.

எனக்குத் திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல் பக்கம். எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுவார்கள். அம்மா, பெரியம்மை, எதிர்வீட்டு மதினி, வீரவநல்லூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒரு அக்கா எல்லோரும் மடியில் சுளவை (முறத்தை) வைத்துக்கொண்டு எங்கள் திண்ணையில்தான் உட்காருவார்கள். நனைத்த இலையை அளவு பார்த்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூலைக் கட்டிப் போட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கையையும் கண்ணையும் எடுக்க முடியாது. காதுக்குத்தான் வேலை இல்லை. அஞ்சாம் வகுப்பில் எனக்குத் தடங்கலில்லாமல் படிக்க வந்ததும் அந்தக் காதுகளுக்கு என்னைப் பொறுப்பாக்கிவிட்டார்கள்.

அவர்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது.

முதலில் வாசித்தது பொன்னியின் செல்வன். 1950இலிருந்து 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்ததை யாரோ கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணியிருந்தார்கள். ஓவியர் மணியத்தின் படங்களோடு எதிர்வீட்டுப் பரணில் கிடந்தது. நடுவில் சில வாரங்களைக் காணோம். வந்தியத்தேவன் ஒரு பக்கத்தில் மாட்டிக்கொண்டிருப்பான், அடுத்த பக்கத்தில் குதிரையில் போய்க்கொண்டிருப்பான். எப்படித் தப்பித்தான்? பெரியம்மைதான் அதைச் சொல்லி நிரப்புவாள். காவல்காரனுக்கு ஒரு அத்தை இருப்பாள், அவளுக்கு இவன் ஏதோ உதவி செய்திருப்பான், அந்த நன்றிக்கு அவள் கதவைத் திறந்துவிட்டிருப்பாள். வேலைக்குப் போன பிறகு முழுப் புத்தகத்தையும் வாங்கிப் படித்தேன். கல்கி எழுதியது வேறு. எனக்கென்னவோ பெரியம்மை சொன்னதுதான் இன்னமும் நம்பும்படியாக இருக்கிறது.

அது தீர்ந்ததும் ஊர் நூலகத்துக்கு நடந்தேன். என்ன வாசித்தோம், யார் என்ன சொன்னார்கள் என்று நூலகர் விசாரித்துவிட்டுத்தான் அடுத்த புத்தகத்தை எடுத்துத் தருவார். அப்படி வந்ததுதான் புதுமைப்பித்தன். சின்னப் பிள்ளைக்கு இவர் ஏன் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் பிள்ளை மேலகரத்துக்காரர் என்று வாசித்த உடனே மதினி கையை நிறுத்திவிட்டாள். "தென்காசிக்குப் பக்கத்து மேலகரமாட்டீ? எங்க நாத்தனாரைக் குடுத்த ஊருல்லா அது!" அதற்கப்புறம் கதையில் கடவுள் இரண்டாம் ஆள்தான். மேலகரத்துக்காரர் மெட்ராஸில் எப்படிப் பிழைக்கிறார் என்பதுதான் பேச்சு. கடவுளிடமே பத்திரிகைக்குச் சந்தா வாங்குகிற இடத்தில் எல்லோரும் சிரித்த சிரிப்பில் அன்றைக்குச் சுற்றியதில் பாதி தளர்ந்துபோனது. பீடிக்கடையில் நிறையக் கழித்துவிட்டார்கள் என்று மறுநாள் எனக்குத்தான் ஏச்சு. சிரிப்புக் கதை வேண்டாம், அழுகிற கதையாகப் படி என்று உத்தரவு வந்தது.

சரி என்று 'செல்லம்மாள்' எடுத்தேன். பிழைக்கப் போன பட்டணத்தில் ஜவுளிக்கடைச் சம்பளத்தில் சீக்காளி மனைவியை வைத்துக்கொண்டு அல்லாடுகிற பிரமநாயகம் பிள்ளை. ஊருக்கு ஒருக்கா போய்வர வேண்டும் என்ற ஆசையோடே செத்துப்போகிற செல்லம்மாள். வாசித்து முடித்தபோது யாரும் பேசவில்லை. அப்புறம் பெரிய சண்டையே வந்துவிட்டது. அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கலாம்லா என்றாள் மதினி. விட்டுட்டு வந்தால் இங்கே அவருக்கு யார் இருக்கா என்றாள் பெரியம்மை. அம்மா மட்டும், "அந்த மனுசன் அவளுக்கு வெந்நி வச்சுக் குடுத்தான்ல, அது போதும்" என்றாள். புதுமைப்பித்தனிடம் நம்பிக்கை வறட்சி என்று படித்தவர்கள் எழுதியதை எல்லாம் பின்னால் பார்த்திருக்கிறேன். அம்மா சொன்னதைத் தாண்டி அந்தக் கதைக்குள் போன கட்டுரை எதுவும் என் கண்ணில் படவில்லை.

தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' வாசித்தபோது வீரவநல்லூர் அக்காவின் முறை. 1953இல் வந்த நாவல், கைத்தறி நெசவாளர்கள் நூல் கிடைக்காமல் படுகிற பாடு. அவள் அப்பாவும் தறிக்காரர். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அவள் வீட்டுக் கதை ஒன்று கூட வரும். நாவலில் பேச்சும் பிரசங்கமும் அதிகம் என்பது என் கட்சி. அவளிடம் அதைச் சொல்ல முடியாது.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' வந்தது 1977இல், எனக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்த பிறகு கைக்கு வந்தது. மணப்பாட்டு மீனவர்கள் கதை. தூத்துக்குடி மாவட்டம் 1986இல்தான் பிரிந்தது. அப்போது மணப்பாடும் எங்கள் மாவட்டமே. திண்ணையில் இருந்தவர்கள் கடலைத் திருச்செந்தூரில் மட்டும்தான் பார்த்தவர்கள். வல்லம் என்கிற நாட்டுப் படகுக்கும் லாஞ்சு என்கிற விசைப்படகுக்கும் நடக்கிற தகராறு அவர்களுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரமானது. ஆனால் கதாநாயகி பிலோமி சட்டென்று வீட்டுப் பெண்ணாகிவிட்டாள். புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்த பிறகும், தண்ணீர் எடுக்கப் போகும்போது, "அந்தப் பிள்ளைக்கு வேற இடம் ஏதும் கூடிச்சாட்டீ?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கதைதானே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்ப்போம் என்றுதான் சொல்வேன்.

இந்த ஊழியத்துக்கு எனக்குச் சம்பளமும் இருந்தது. வாசிக்கிற நேரம் இலை வெட்ட வேண்டாம். என் பங்குக்காக ஆளுக்குக் கொஞ்சம் பீடி சுற்றி அம்மாவின் சுளவில் போட்டுவிடுவார்கள். கியூபாவில் சுருட்டு ஆலைகளில் 1865 வாக்கிலேயே இப்படி வாசிக்க ஆள் வைத்திருந்தார்கள், அவருக்குத் தொழிலாளிகளே தங்கள் கூலியிலிருந்து பணம் போட்டார்கள் என்று பின்னால் ஒரு கட்டுரையில் படித்தேன். மான்டிகிறிஸ்டோ என்ற சுருட்டுக்கு அந்தப் பெயரே அப்படி வாசித்த நாவலிலிருந்து வந்ததாம். கேரளத்துக் கண்ணூரில் பீடித் தொழிலாளிகளும் பேப்பரும் நாவலும் வாசிக்கக் கேட்டபடி வேலை செய்திருக்கிறார்கள். முக்கூடல் பக்கத்துத் திண்ணைக்கு இவ்வளவு பெரிய சொந்தக்காரர்கள் இருந்தது எங்களுக்குத் தெரியாது.

பிறகு டி.வி. வந்தது. பீடி சுற்றுகிறவர்களுக்கு அது அவ்வளவு தோதில்லை என்பது என் அபிப்பிராயம். படம் பார்க்கக் கண்ணைத் தூக்கியே ஆக வேண்டும். ஆனாலும் அது ஜெயித்துவிட்டது. நானும் அங்கன்வாடி வேலைக்குப் போய்விட்டேன்.

கடைசியாக அம்மாவுக்கு வாசித்தது தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்'. பாளையங்கோட்டைக்காரர், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 2020 டிசம்பரில் காலமானார். உப்பு, எண்ணெய், பல்லாங்குழி என்று சின்னச் சின்னக் கட்டுரைகள். "இதைச் சொல்ல ஒரு வாத்தியார் வேணுமாக்கும்" என்று முதலில் அலட்சியமாகச் சொன்னாள் அம்மா. அப்புறம் பல்லாங்குழி பற்றி அவளே பேச ஆரம்பித்து, நான் புத்தகத்தை மூடி வைக்கும்படி ஆகிவிட்டது. தொ.ப. இப்படிப்பட்டவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினார். ஆகவே அதில் ஒன்றும் ஆச்சரியமில்லை.

எனக்கு முக்கியமாகிப்போன புத்தகங்கள் இவைதான். ஒன்றையாவது நான் தனியாகப் படித்திருந்தால் இப்படி மனதில் நின்றிருக்குமா என்பது சந்தேகம். செல்லம்மாளை இப்போது எடுத்தாலும் மதினியும் பெரியம்மையும் சண்டை போடுகிற சத்தத்தோடுதான் என்னால் வாசிக்க முடிகிறது.

ஒரு கோரிக்கையும் உண்டு. 1948இல் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், படிக்கத் தெரியாதவர்களும் சேர்த்துத்தான். ஆனால் நூலகத்துக்குள் போனால் 'அமைதி காக்கவும்' என்று ஒரு போர்டு. கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் வாரத்தில் ஒரு மணி நேரம் அந்தப் போர்டைத் திருப்பி வைத்துவிட்டு யாராவது சத்தமாக வாசித்தால் என்ன? பணம் ஒன்றும் செலவாகாது. குரல் நன்றாக இருக்கிற ஒரு பிள்ளையும், சுளவோடு உள்ளே வர அனுமதியும் போதும். இதைப் பற்றி நீங்கள் எழுதினால் மாவட்ட நூலக அலுவலகத்தில் யாராவது பார்ப்பார்கள்.

அப்புறம், அந்தப் பகுதியைத் தொடர்வதாக இருந்தால் கேட்டு வாசித்தவர்களிடமும் பேட்டி எடுங்கள். உங்கள் நிருபர் எங்கள் பக்கம் வந்தால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். பீடிக்கடைக்குப் போகிற நேரம் மட்டும் வேண்டாம், அப்போது யாரும் பேச மாட்டார்கள். கடையிலிருந்து திரும்பி வந்து காப்பி குடித்த பிறகு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி ஊழியர் ஒருவர்,
முக்கூடல் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.