ஆஸ்பத்திரியில் பார்த்த அந்த அம்மாவுக்கு நன்றி

அப்பாவின் இதய ஆபரேஷனுக்காகப் பாளையங்கோட்டையில் காத்திருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. எப்படியாவது கண்ணில் படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நெஞ்சு படபடத்து, கை நடுங்கிக்கொண்டிருந்த என்னிடம் நீங்கள் "விசுவாசம் இல்லையா?" என்று கேட்கவில்லை. அதற்கே முதல் நன்றி. அதுவரை அப்படிக் கேட்டவர்கள்தான் அதிகம். வாழையிலையில் கட்டியிருந்த இட்லியைப் பிரித்து, "முதல்ல சாப்பிடுங்க தம்பி" என்றீர்கள். அப்புறம்தான் பைபிளில் வரும் எலியாவைப் பற்றிப் பேசினீர்கள். உயிருக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின்கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்துவிட்ட தீர்க்கதரிசியை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தபோதும் தூங்கவிட்டார். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே கேட்ட பகுதிதான், ஆனால் பயந்துபோனவனை ஆண்டவர் எவ்வளவு மென்மையாக நடத்துகிறார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கிளம்பும்போது, "ஜெபம் பண்ணுங்க, உங்களுக்கும் ஒரு டாக்டரைப் பாருங்க" என்றீர்கள். இரண்டையும் செய்கிறேன். படபடப்பு வருகிறது, ஆனால் முன்போல் என்னை உருட்டிப் போடுவதில்லை. அப்பா நன்றாக இருக்கிறார். உள்ளே படுத்திருந்த உங்கள் வீட்டுக்காரருக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன், அம்மா.