சனிக்கிழமைச் சம்பளமும் உங்கள் புதிய கோப்பு வடிவமும்

எங்கள் நிறுவனம் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் கார்ப்பரேட் இணையச் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தொழிலாளர்களின் கணக்கில் சம்பளம் ஏற்ற நாங்கள் உங்களுக்கு அனுப்பும் கோப்பின் வடிவத்தை மாற்றினீர்கள். அதில் புதிதாக ஒரு காலம் (column) இருக்க வேண்டும் என்றீர்கள். திருப்பூரில் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. இங்கே கிளை வைத்திருக்கிறீர்களே.

மறுநாள் எங்கள் மென்பொருள் வழக்கம்போல் எடுத்துக் கொடுத்த கோப்பு, 'வடிவம் தவறு' என்று திரும்பி வந்தது. எந்த வரியில், எந்தக் கட்டத்தில் என்ற விவரமே இல்லை. கிளையில் கேட்டால், "எக்செல்லில் திறந்து ஒரு காலம் சேர்த்துடுங்க சார்" என்றார்கள். சேர்த்தோம். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்களின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிட்டது. முன்னால் பூஜ்யம் உள்ள எண்களில் அந்தப் பூஜ்யமே காணோம். அப்புறம் ஒருவர் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, இன்னொருவர் திருத்த, பணம் ஏறும்போது இரவாகிவிட்டது. டெய்லர்களும் துணியில் குறை பார்க்கும் செக்கிங் பெண்களும் போனைப் பார்த்தபடி கம்பெனி கேட் அருகே நின்றார்கள். மளிகைக் கடைக்காரருக்கு உங்கள் கோப்பு வடிவத்தை அவர்கள் எப்படி விளக்குவார்கள்?

நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் செய்தி வலையமைப்பான ஸ்விஃப்ட், பழைய எம்டி செய்தி வடிவத்திலிருந்து ஐஎஸ்ஓ 20022 என்ற புதிய சர்வதேசப் பொது வடிவத்துக்கு மாற, 2023 மார்ச் முதல் 2025 நவம்பர் வரை இரண்டையும் சேர்த்தே ஓடவிட்டது. வங்கிகளுக்கு இரண்டரை வருடத்துக்கும் மேல் அவகாசம்; எங்களுக்கு ஒரு ராத்திரி. நாங்கள் கேட்பது இதுதான்: வடிவத்தை மாற்றினால், பழையதும் ஆறு மாதமாவது கூடவே ஓடட்டும்.

பெரிய தொகைகளை உடனுக்குடன் அனுப்பும் ரிசர்வ் வங்கியின் ஆர்டிஜிஎஸ், 2013 முதலே அந்த ஐஎஸ்ஓ 20022-இல்தான் ஓடுகிறது. வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அதன் இன்னொரு சேவையான நெஃப்ட், 2019 டிசம்பரிலிருந்து இரவு பகல் பாராமல் இயங்குகிறது. ஆனால் நாங்கள் கணக்கு வைத்திருக்கும் நான்கு வங்கிகளுக்கு நான்கு கோப்பு வடிவம், தேதி எழுதுவதில்கூட ஆளுக்கொரு முறை. மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் கைவிட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்ற பிரவுசர் இல்லாமல், கோப்புக்கு ஒப்புதல் தர நீங்கள் கேட்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (யுஎஸ்பி சாதனம்) அசையாது என்பதால், அதற்கென்றே ஒரு பழைய கம்ப்யூட்டரைக் காப்பாற்றி வருகிறோம். ஆயுத பூஜையன்று முதல் பொட்டு அதற்குத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய வடிவத்துக்கு ஆறு மாத அவகாசம் கொடுங்கள். மாற்றத்துக்கு முன்பே எங்கள் கோப்பைச் சோதித்துப் பார்க்க வழி செய்யுங்கள். கோப்பைத் திருப்பினால், எந்த வரியில் பிழை என்று சொல்லுங்கள். இதற்கான சுற்றறிக்கையை, தயவுசெய்து, வெள்ளிக்கிழமை மாலையில் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
பின்னலாடை நிறுவனம் ஒன்றின் நிதிப் பிரிவிலிருந்து,
திருப்பூர்