மாணிக்க கங்கையில் சிக்னல் இருந்தது

அன்புள்ள அக்கா,

அம்மாவின் ஆட்டைத் திவசம், அதுதான் முதல் வருஷத் திவசம், முடிந்து நீங்கள் கொழும்புக்கு பஸ் ஏறி இன்றைக்கு ஆறு நாள். பந்தியில் எனக்கு வடை வைத்தீர்கள், முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் என்று ஊருக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒன்றுதான் உங்களுக்குத் தெரியாது. கதிர்காமத்தில் சிக்னல் இருந்தது.

போன வருஷம், கதிர்காம முருகனிடம் நடந்து போன பாதயாத்திரைக் கதையை எழுதியபோது "காட்டுக்குள் போன் வேலை செய்யவில்லை" என்று எழுதினேன். அது பொய்யில்லை. உகந்தை முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு இறங்கினால் குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று முழுக்கக் காடுதான். ஆனால் நீங்கள் போன் அடித்தது நான் காட்டைவிட்டு வெளியே வந்த பிறகு. அதை மட்டும் விட்டுவிட்டேன். வாசித்தவர்கள் மெச்சினார்கள், நீங்களும் நம்பினீர்கள். நடை தொடங்கிய செல்வச் சன்னதி முருகன் கோயிலிலும் கதிர்காமத்திலும் வாயைத் துணியால் கட்டித்தான் பூசை செய்வார்கள். நான் பூசை இல்லாமலே ஒன்றேகால் வருஷம் வாயைக் கட்டியிருந்தேன். பொய்யை ஊரறிய எழுதிவிட்டு உண்மையைப் போனில் முணுமுணுக்க மனம் வரவில்லை. அதனால்தான் இங்கே.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஆறு காணாத சனம். வழுக்கையாறு மாரியில் ஓடும், அவ்வளவுதான். சன்னதியில் வேலோடு வெளிக்கிட்ட இடத்துக்குத் தொண்டைமானாறு என்று பெயர், அதுவும் கடல்நீரேரி. அங்கிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு என்று கரையோரமாக 45 நாள் நடந்து கதிர்காமத்து மாணிக்க கங்கையில் காலை வைத்தேன். 114 கிலோமீற்றர் ஓடுகிற ஆறு, என் முழங்காலைக்கூடத் தொடவில்லை. அப்படியே மல்லாந்து படுத்தேன். காலிலிருந்த கொப்புளங்களை மீன்குஞ்சுகள் வந்து கொத்தின. மருதமர வேரில் என் பை. அதற்குள் தேத்தண்ணிக் கடையில் சார்ஜ் போட்டு வாங்கிய போன்.

அடித்தது. எழும்பிப் போய்ப் பார்த்தேன். திரையில் 'அக்கா'. கையை வேட்டியில் துடைத்தேன். துடைத்துவிட்டு, எடுக்காமலே பைக்குள் திரும்ப வைத்தேன். மறுபடி போய்த் தண்ணீருக்குள் படுத்தேன். ஆறு தரம் அடித்தது. பக்கத்தில் குளித்த மட்டக்களப்பு அம்மா ஒருவர் "சாமி, உங்கட போன் அடிக்குது" என்றார். "ஓம் சாமி" என்றேன்.

நடையில் யாருக்கும் பெயர் இல்லை. ஆணும் சாமி, பெண்ணும் சாமி, ஆறு வயதுப் பிள்ளையும் சாமி. வீட்டிலும் எனக்குப் பெயர் இருக்கவில்லைதானே. மூன்று வருஷமாக அம்மா என்னைச் செத்துப்போன மாமாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். நானும் மாமாவாகவே பதில் சொல்லிப் பழகிவிட்டேன். அந்தப் பெயரில் கூப்பிட்டால் பம்பர்ஸ் மாற்ற வேண்டும், சோறு தீத்த வேண்டும். சாமி என்று கூப்பிட்டால் ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தால் போதும். போனை எடுத்தால் திரும்பவும் மாமாவாக வேண்டும். இன்னும் ஒரு மணித்தியாலம் போகட்டும் என்று நினைத்தேன். ஒரேயொரு மணித்தியாலம், அக்கா.

"நீ புண்ணியம் தேடி நடந்தாய், நான் இங்க பீ அள்ளினன்" என்று செத்தவீட்டில் எல்லோருக்கும் முன்னால் சொன்னீர்கள். 45 நாள் அள்ளினீர்கள். அதற்கு முந்தைய 11 வருஷம் யார் அள்ளினது? அன்றைக்குக் கேட்கவில்லை, இன்றைக்குக் கேட்கிறேன். காசு அனுப்பினீர்கள், ஓம். அந்தக் கதையும் காணிக் கதையும் இங்கே வேண்டாம். உங்கள் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள்.

இரண்டு நாள் கழித்து கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்து கதவைத் தட்டியபோது நீங்கள் ஏசவில்லை. என் காலைப் பார்த்தீர்கள். பேசினில் உப்புப் போட்ட சுடுதண்ணியைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டீர்கள். அங்கே நின்றபடியேதான் சொன்னீர்கள்: "முந்தாநாள் பின்னேரம் அம்மா உன்ர பெயரைச் சொல்லி, அவன் சாப்பிட்டிட்டானோ எண்டு கேட்டவா. தெளிவா கேட்டவா. காதில குடுப்பம் எண்டுதான் அத்தனை தரம் அடிச்சனான்."

"சிக்னல் இல்லை" என்றேன். கால் சுடுதண்ணிக்குள் இருந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் இதைத் தொடங்கினேன். திரும்பி வாசித்தால் பாதி வழக்காக இருக்கிறது. அழித்து எழுதப் போவதில்லை.

பிறகு அம்மா என்னோடு இங்கே மூன்று மாதம் இருந்தார். சோறு தீத்தும்போதெல்லாம் "நான் ஆர் அம்மா?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் மாமாவின் பெயர்தான் வந்தது.

என் பெயரைச் சொன்னவா என்றீர்கள். பள்ளிக்கூடப் பெயரையா அக்கா, வீட்டில் கூப்பிடுகிற பெயரையா?

தம்பி