சனிக்கிழமை சந்திப்பு: இடம் மாற்றம், கூடவே என் காது

நடைக் குழு நண்பர்களுக்கு வணக்கம். இந்த வாரமும் நாகேஸ்வரராவ் பூங்காதான், காலை 6.30. ஆனால் லஸ் சர்ச் சாலைப் பக்கத்து பெஞ்ச் வேண்டாம், வண்டிச் சத்தத்தில் எனக்குப் பேச்சு புரியாது. உள்ளே தள்ளி உட்காரலாம்.

"காது மிஷின் போட்டும் கேட்கலையா?" என்று போன வாரம் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இது மூக்குக்கண்ணாடி மாதிரி இல்லை. உங்கள் பேச்சோடு ஆட்டோ ஹாரனையும் காக்காயையும் சேர்த்தே பெரிதாக்கும். எனக்குக் குறைந்திருப்பது மேல் சுருதி ஒலிகள். உயிரெழுத்து காதில் விழும், மெய்யெழுத்து நழுவும். கடை, சடை, தடை, படை எல்லாம் எனக்கு ஒன்றுதான். "கடைக்குப் போகலாமா" என்றதற்குப் படையா என்று விழித்தேனே, அதனால்தான்!

கத்த வேண்டாம். கத்தினால் வாய் கோணும், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதும் போய்விடும். முகம் பார்த்து, ஒருவர் ஒருவராகப் பேசினால் போதும். புரியவில்லை என்றால் அதையே வேறு சொற்களில் சொல்லுங்கள். "ஒண்ணுமில்லை, விடுங்க" மட்டும் வேண்டாம், அதுதான் வலிக்கும்.

நடுவில் பேட்டரி மாற்றினால் கொஞ்சம் பொறுங்கள். ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

குரல் பதிவு அனுப்புகிறவர்கள் தயவுசெய்து தட்டச்சு செய்யுங்கள். அப்புறம், மழை தூறினால் மிஷினைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவேன். அப்போது தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள். சுண்டல் இந்த வாரம் என் முறை.