கரி வாங்கிச் சுட்டுப் பார்த்த பெரியம்மாவுக்கு

பரமத்தி வேலூர்ப் பெரியம்மாவுக்கும், கரூர், நாமக்கல், ஈரோடு, சேலத்து உறவுகளுக்கும், இங்கே இங்கிலாந்தில் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கமுங்க.

ஆடி மாசம் முதல் நாள் தேங்காய் சுடும் நோம்பியான ஆடி ஒண்ணு நல்லபடியாக முடிந்தது. தேங்காய் சுட்டாயிற்று, பிள்ளையாருக்குப் படைத்தாயிற்று, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தாயிற்று. அதற்கு முன்னால் வந்த பிராது, கடைசி நேரத்தில் இடம் கைவிட்டுப் போனது, இந்த வருசம் நோம்பியே வேண்டாம் என்று எங்களில் பாதிப்பேர் சொன்னது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதை மறுபடி கிளறவில்லை. மனசு நிறைந்திருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

பெரியம்மாவிடம் நாங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. தேங்காயின் கண்ணில் செருகி நெருப்பில் பிடிக்கும் அழிஞ்சிக் குச்சி இங்கே கிடைக்காது, வேறு எந்தக் குச்சியைச் செருகலாம்? "எதுனாலும் செருகுங்க" என்று ஒரு வரியில் அவர் முடித்திருக்கலாம். அவரோ எங்களைத் திருப்பிக் கேட்டார். அங்கே என்ன நெருப்பு, சுள்ளியா கரியா? தேங்காய்க்குக் குடுமி இருக்குமா? எவ்வளவு பெரிசு? போட்டோ அனுப்புங்கள் என்றார். அனுப்பினோம். அடுத்த நாளே தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் கரி வாங்கி, போட்டோவில் இருந்த மாதிரியே ஒரு தேங்காயின் குடுமியை வழித்தெடுத்து, அழிஞ்சிக்குப் பதிலாகக் கொய்யாக் குச்சியைச் செருகி, வாசலில் உட்கார்ந்து சுட்டுப் பார்த்திருக்கிறார். நோம்பிக்கு இன்னும் நாள் இருந்தது. அந்த ஊரில் சந்தைக்குப் போனால் அழிஞ்சிக் குச்சி கட்டுக்கட்டாகக் கிடைக்கும். அவருக்குக் கரியும் தேவையில்லை, கொய்யாக் குச்சியும் தேவையில்லை. எங்கள் நிலைமையைத் தன் வாசலில் உண்டாக்கி, எது சரியாக வருகிறது, எது கெடுகிறது என்று பார்த்து, குரல்பதிவாக அனுப்பினார். நாலரை மணிநேர வித்தியாசத்தில் அவருடைய விடிகாலைப் பேச்சு எங்களுக்கு நடுராத்திரியில் வந்து சேரும்.

அந்தப் பதிவுகளில் இருந்ததை இங்கே எழுதி வைக்கிறோம். இதைவிட உருப்படியாக அவருக்கு நன்றி சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

முதலில் தேங்காய். நன்றாக முற்றியதாக இருக்க வேண்டும். காதோரம் ஆட்டினால் தண்ணீர் தளும்ப வேண்டும். சத்தமே இல்லாவிட்டால் உள்ளே வற்றி, தேங்காய்ப் பருப்பு அழுகியிருக்கலாம். இங்கத்திய பெரிய கடைகளில் சுலபமாக உடையட்டும் என்று நடுவில் ரம்பத்தால் கோடு கீறிய தேங்காய் விற்கிறார்கள். அதை வாங்கவே கூடாது. சூடு ஏறியதும் அந்தக் கோட்டோடு பிளந்து, பாகு முழுக்க நெருப்பில் கொட்டிவிடும். நார் துளியும் இல்லாமல் ஓட்டைத் தேய்க்க வேண்டும். ஊரில் வாசல் கல்லில் உரசுவோம். இங்கே தோட்டத்துத் தளக்கல்லிலும் பிறகு 80 நம்பர் உப்புத்தாளிலும் தேய்த்தோம். இது அழகுக்கு மட்டும் இல்லை. "நார் இருந்தா அந்தப் பக்கம் மட்டும் பத்திக்கிட்டு எரியும் கண்ணு, ஓடு ஒரு பக்கமாக் காஞ்சு வெடிச்சுப் போகும்" என்பது பெரியம்மா சொன்ன காரணம்.

மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கும். அதைத்தான் திறக்க வேண்டும். சுண்டுவிரல் நுழையும் அளவு போதும். தண்ணீரைக் கிண்ணத்தில் வடித்து, வாயில் விட்டுப் பாருங்கள். புளித்திருந்தால் அந்தக் காயை அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு நடுத்தரத் தேங்காய்க்கு அவர் சொன்ன அளவு: அவல் 2 மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை 1, பாசிப்பருப்பு 1, பச்சரிசி 1, நாட்டுச்சக்கரை 3, எள் 1 தேக்கரண்டி, ஏலக்காய் ஒன்று. பருப்பையும் அரிசியையும் அரைமணி ஊற வைத்தே போட வேண்டும். ஊறாத பருப்பு கரி நெருப்பில் வேகாது. சுள்ளி நெருப்பு நாலு பக்கமும் சூழ்ந்து எரியும், கரி அடியில் மட்டும்தான் சுடும். எல்லாவற்றையும் உள்ளே போட்ட பிறகு வடித்த தண்ணீரைத் திரும்ப ஊற்றி, முக்கால் பாகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவலும் அரிசியும் பொங்க இடம் வேண்டும். நாங்கள் விளிம்பு வரைக்கும் நிரப்பியிருப்போம் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ, இதை மட்டும் மூன்று பதிவுகளில் சொல்லியிருந்தார்.

கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை கைவசம் இருந்தவர்கள் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சக்கரை அது, அதன் வாசனைக்கு ஈடு கிடையாது. இல்லாதவர்கள் இங்கே கேக் செய்ய விற்கும் மஸ்கவாடோ சர்க்கரையைப் போடலாம். அதுவும் கரும்புச்சாற்றின் கசண்டு நீங்காத சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரை வேண்டாம், வெறும் இனிப்பாகத்தான் நிற்கும்.

குச்சிக்கு வருவோம். அழிஞ்சியை ஏன் வைத்தார்கள்? நேராக வளரும், உறுதியாக இருக்கும், பச்சையாக வெட்டினால் நெருப்பில் சீக்கிரம் எரியாது, நாற்றமோ கசப்போ இறங்காது. இந்தக் குணங்கள் இருந்தால் வேறு மரமும் ஆகும் என்றார் பெரியம்மா. இது தெரிந்ததும் எங்களுக்குப் பாதை திறந்தது. இங்கே ஹேசல் என்ற மரம் இருக்கிறது. அடியில் வெட்டிவிட்டால் கொத்தாக நேர்நேரான கம்புகள் துளிர்க்கும். அவரைக்கொடிக்கு ஊன்ற அதைத்தான் வெட்டுவார்கள். அதன் கொட்டையைத் தின்கிறோம், அதன் குச்சியும் விஷமில்லை. பைன் போன்ற பிசின் மரம் ஆகாது, பிசின் உருகிப் பாகில் கலக்கும். அரளி, யூ, லேபர்னம், ரோடோடென்ட்ரான் நான்கையும் தொடவே கூடாது. நான்கும் விஷம். அரளி இங்கே பெரும்பாலும் தொட்டிச்செடியாகவும், மற்ற மூன்றும் வீட்டுத் தோட்டங்களிலும் பூங்காக்களிலும் நிற்பவை. பெயர் தெரியாத மரத்தில் குச்சி ஒடிக்காதீர்கள். ஊரிலிருந்து அழிஞ்சியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரவும் வேண்டாம். பட்டையோடு பச்சைக் கம்பு வந்தால் செடிநோயும் பூச்சியும் கூடவே வரும் என்பதால்தான் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

இரண்டரை அடி நீளத்துக்கு வெட்டி, முனையைச் சீவி, மஞ்சள் பூசி, கண்ணில் செருக வேண்டும். தேங்காயைத் தூக்கினால் கழன்று விழாத அளவுக்கு இறுகினால் போதும். சுத்தியால் அடித்து இறுக்கினால் ஆவி போக வழியில்லாமல் ஓடு வெடிக்கும். குச்சியோரமாக ஆவி சீறிக்கொண்டு வெளியே வருவதுதான் சரியான இறுக்கம்.

கரியில் மரக்கரியே நல்லது. சீக்கிரம் பற்றுவதற்காக மருந்து கலந்த கரியில் சுட்டால் மண்ணெண்ணெய் வாடை ஏறும். தகரத் தட்டோடு விற்கும் ஒருமுறை அடுப்பும் உதவாது, தேங்காய் உள்வரை சூடேறுவதற்குள் தணிந்துவிடும். ஆறு தேங்காய்க்கு 3 கிலோ கரி. பற்றவைத்து, மேலே சாம்பல் பூத்துக் கனிந்த பிறகே தேங்காயை இறக்க வேண்டும். இரண்டு நிமிசத்துக்கு ஒருமுறை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் குச்சியோரம் தண்ணீர் சீறும். பிறகு சக்கரைப் பாகு நுரைத்து வாசனை வரும். ஓடு முழுக்கக் கருத்து, முடி போல விரிசல் விழுந்ததும் எடுத்துவிட வேண்டும். முக்கால் மணிக்கு முன்பாக எதுவும் தயாராகவில்லை. விரிசல் அகலும்வரை விட்டால் பாகு ஒழுகித் தீய்ந்து கசக்கும். எடுத்தவுடன் உடைக்கவும் கூடாது. உள்ளே கொதிக்கும் பாகு இருக்கிறது, பிள்ளைகள் பக்கத்திலேயே நிற்பார்கள். பத்து நிமிசம் ஆறட்டும். அப்புறம் கல்லால் தட்டினால் ஓடு தனியாகக் கழன்று, தேங்காய்ப் பருப்பும் பூரணமும் ஒட்டிக்கொண்டு முழுசாக வரும். சுட்ட பருப்பின் ஓரத்தில் பழுப்பேறிய அந்த ஒரு சுற்றுக்குத்தான் பிள்ளைகள் சண்டை போட்டார்கள்.

இந்த நாட்டுக்கென்று இரண்டு எச்சரிக்கை. மழை தூறினால் அடுப்பைக் கொட்டகைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டு போகாதீர்கள். கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அணைந்த மாதிரித் தெரியும் கரியும் அதை விட்டுக்கொண்டிருக்கும், ஆளைக் கொல்லும். மிச்சக் கரியை அன்றைக்கே பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டாதீர்கள், இரும்பு வாளியில் தண்ணீர் ஊற்றி மறுநாள் கொட்டுங்கள். ஒரு வாரத்துக்கு முன்பே அக்கம்பக்கத்து வீடுகளுக்கு இன்ன நாள், இத்தனை மணிக்குப் புகை வரும் என்று சீட்டு எழுதிப் போட்டுவிடுவதும் முக்கியம். வெயில் அடிக்கும் நாளில் அவர்கள் வெளியே துணி காயப்போட்டிருப்பார்கள். பிராது பெரும்பாலும் நம் பழக்கத்தின் மேல் வருவதில்லை, துணியில் ஏறிய புகையின் மேல்தான் வருகிறது. சீட்டு போட்ட வீடுகளிலிருந்து மூன்று பேர் என்ன நடக்கிறது என்று பார்க்க வந்து, தேங்காய் தின்றுவிட்டுப் போனார்கள்.

எங்களில் சிலர் இதை வீட்டு ஓவனில் வைத்துச் செய்துவிடலாம் என்றார்கள். செய்யலாம், உள்ளே வெந்தும் போகும். ஆனால் ஓடு கருகாது, புகைவாசம் ஏறாது, பிள்ளைகள் நெருப்பைச் சுற்றி நிற்க மாட்டார்கள். அது தேங்காய்ப் பலகாரமாக இருக்கும், ஆடி நோம்பியாக இருக்காது என்பது எங்கள் எண்ணம். வேறு நாட்டில் வாழும்போது எதை மாற்றலாம், எதை விடக்கூடாது என்று தெரியாததால்தான் நாம் ஒன்று எல்லாவற்றையும் இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டுகிறோம், இல்லாவிட்டால் மொத்தமாக விட்டுவிடுகிறோம். பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னதால் எங்களுக்குக் கை நடுங்கவில்லை. மரத்தை மாற்றினோம், சக்கரையை மாற்றினோம், நெருப்பை மாற்றினோம். நோம்பி நாளை மாற்றவில்லை. ஆடி ஒண்ணு அநேகமாக ஜூலை 17இல் வரும். இங்கே பள்ளிக்கூடம் அப்போது விட்டிருக்காது, பெரும்பாலும் வேலைநாளாகவும் இருக்கும். சனிக்கிழமைக்குத் தள்ளலாமே என்ற பேச்சு வழக்கம்போல வந்தது. ஆனால் ஜூலையில் இங்கே ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிறது. ஆறு மணிக்கு வேலை முடித்து வந்தாலும் மூன்று மணிநேரம் கிடைக்கிறது. ஊரில் அதே நாளில் அவர்கள் சுடுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் போனில் பார்த்தார்கள். அதனால்தான் நாளை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

மற்ற எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்கிறோம். தோட்டத்தைக் கொடுத்த வீட்டுக்காரருக்கு, ஹேசல் கம்பு வெட்டிக் கொடுத்து ஒவ்வொன்றின் முனையையும் தானே சீவித் தந்த தோட்டக்காரப் பெரியவருக்கு, தலை ஆடிக்கு ஊருக்குப் போக முடியாத புதுப்பெண் மாப்பிள்ளையைத் தங்கள் பிள்ளைகளாகக் கூப்பிட்டு உட்கார வைத்த குடும்பத்துக்கு, இந்த வழக்கமே புதுசாக இருந்தும் சாயங்காலம் முழுக்கத் தண்ணீர் வாளியோடு காவல் நின்ற பொள்ளாச்சித் தம்பிகளுக்கு, இடம் போன அன்றைக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் போன் பேசித் தேடிய அத்தனை பேருக்கும் நன்றி.

பெரியம்மா, உங்கள் குரல்பதிவு முழுவதையும் எழுத்தாக்கிக்கொண்டிருக்கிறோம். வருகிற ஆனி மாசக் கடைசிக்குள் இங்கிருக்கும் மற்ற ஊர்க் குடும்பங்களுக்கும் அதை அனுப்புவோம். அடுத்த ஆடியில் தேங்காய் தேய்ப்பது முதல் உடைப்பது வரை பிள்ளைகளே செய்ய வேண்டும், பெரியவர்கள் நெருப்புக்கு மட்டும் காவல் நிற்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அவர்கள் ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல இப்போது எங்களுக்குத் தெரியும். தெரியாததை உங்களிடமே கேட்போம். உங்களுக்குக் கரி கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தாரே, அந்த இஸ்திரிக்காரர் அண்ணனுக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லிவிடுங்க.

இப்படிக்கு,
இங்கிலாந்தில் இருக்கும் உங்கள் கொங்குக் குடும்பங்கள்