சேலத்துக்குக் குரல் நோய் ஆய்வாளர்கள் வேண்டும்

மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக ஆட்சிமன்றக் குழுவினருக்கும் வணக்கம்.

சேலத்தில் குரல் கோளாறுகளுக்கென, ஆய்வுப் பொறுப்பும் பதவி உயர்வும் உள்ள நிரந்தர ஆசிரியர் பணியிடங்களை உருவாக்கித் தர வேண்டுமென்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன். பேச்சு, மொழி, குரல் சிகிச்சையைக் கற்பிப்பதிலேயே என் பணிக்காலம் கழிந்திருக்கிறது. நான் அறிந்தவரையில், இத்துறையில் முனைவர் பட்டம் வரை படித்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆராயவும் கற்பிக்கவும் விரும்பினால், 1965இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு கேட்பு நிறுவனத்தையோ சென்னையையோ தேடிப் போகிறார்கள். ஊரிலேயே தங்குகிறவர்களுக்கு ஒப்பந்த வேலைதான் வாய்க்கிறது. குழந்தைகளின் பேச்சுப் பயிற்சிக்கே அவர்களுடைய நாள் சரியாகிவிடுவதால், குரல் நோயாளிகள் காத்திருக்க நேர்கிறது.

அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். நூல் அறுந்ததைப் பக்கத்துத் தறிக்காரரிடம் சொல்லக்கூடக் கத்தத்தான் வேண்டும். ஆண்டுக்கணக்கில் அப்படிக் கத்திப் பேசுகிறவர்களுக்கு, தொண்டைக்குள் அதிர்ந்து குரலை எழுப்பும் மடிப்புகளான குரல்நாண்கள் மிக வலுவாக மோதிக்கொள்ளும் இடத்தில், அதாவது முன்பக்க மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில், இருபுறமும் சிறு முடிச்சுகள் தோன்றிவிடுகின்றன. தறி ஓட்டும் பெண் ஒருவரிடம், மூச்சை நன்றாக இழுத்து 'ஆ' என்று முடிந்தமட்டும் நீட்டச் சொன்னேன். நலமான பெரியவர்கள் 15 விநாடியாவது நீட்டுவார்கள். அவருக்கோ ஐந்தாறு விநாடியிலேயே குரல் வெறும் காற்றாகிவிட்டது; கழுத்து நரம்புகள் புடைத்து நின்றன. "தொண்டை கட்டியிருக்குது, சுக்குக் கசாயம் குடிச்சாச் சரியாப் போயிரும்" என்றே பல மாதங்களை ஓட்டியிருந்தார். மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கரகரப்பைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்; குரல்வளைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுவாக இருக்கக்கூடும்.

சிகிச்சை தருவதற்கு ஆள் போதாதா, ஆய்வாளர் எதற்கு என்று கேட்கலாம். நாங்கள் கையாளும் அளவுகோல்களில் பலவும் வேறு மொழி பேசுவோரிடம் எடுக்கப்பட்டவை. எக்கெல், பூன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1981இல் வெளியிட்ட சோதனையில், நோயாளி 'ஸ்' ஒலியையும், குரல்நாண் அதிர எழும் அதன் இணையான ஆங்கில 'z' ஒலியையும் தனித்தனியே நீட்ட வேண்டும். முதல் நேரத்தை இரண்டாவதால் வகுத்து வருவது 1.4ஐத் தாண்டினால் குரல்நாணில் கோளாறு இருக்கலாமென்று கொள்வார்கள். அந்த இரண்டாவது ஒலி தமிழில் இல்லை. தமிழ் மட்டுமே பேசிப் பழகிய தொழிலாளி அதையும் 'ஸ்' என்றே ஒலிப்பார். விகிதம் ஒன்றை ஒட்டி வந்து நிற்கும். முடிச்சுள்ளவரும் நலமானவர் கணக்கில் சேர்ந்துவிடுவார். இதற்குத் தமிழொலிகளில் மாற்றுச் சோதனை வகுத்து, சேலத்து மக்களிடமே சரிபார்த்து, வயதுவாரியாக அளவு சொல்ல ஒருவர் பல ஆண்டுகள் உட்கார்ந்து உழைக்க வேண்டும். பதினோரு மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறவரால் அது ஆகிற காரியமில்லை.

விடிய விடியத் தெருக்கூத்து ஆடிப் பாடும் கலைஞர்களின் குரல் வயதாக ஆக எப்படித் தேய்கிறது என்பதும் இப்படித் தொடர்ந்து கவனிக்க வேண்டியதே. மகரக்கட்டு உடையும் வயதைக் கடந்தும் கீச்சுக்குரல் மாறாத பையன்கள் கேலிக்கு அஞ்சி வகுப்பில் வாய் திறப்பதில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு முறையான குரல் பயிற்சியே போதும் என்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் வேலை செய்கிறவர் பயிற்சிக்காக வாரந்தோறும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தால் அன்றைய கூலி போய்விடும். ஆசிரியரும் மாணவர்களும் இங்கேயே இருந்தால், மாதம் சில நாட்கள் மலைக்குச் சென்று அங்கேயே பயிற்சி தரலாம்.

ஆகவே, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியில், காது மூக்கு தொண்டைத் துறையோடு இணைந்த குரல் ஆய்வுப் பிரிவு ஒன்றுக்கு இசைவளித்து, முதற்கட்டமாக ஓர் இணைப் பேராசிரியர், இரண்டு உதவிப் பேராசிரியர் பணியிடங்களையும், குரல்நாண் அதிர்வைக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப்பி கருவியையும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தேர்வின்போது ஆய்விதழ்க் கட்டுரைகளோடு, தறிக்கூடத்திலும் கூத்துக் களத்திலும் எடுத்த குரல் பதிவுகளையும் தகுதியாகக் கொள்ள வேண்டும். விண்ணப்பிக்கத் தகுதியுள்ளவர்கள் இம்மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அடுத்த கல்வியாண்டுக்குள் அறிவிப்பு வந்தால் அவர்கள் வெளியூர் போக மாட்டார்கள்.

இப்படிக்கு,
பேச்சு மொழிச் சிகிச்சைத் துறை ஆசிரியர்,
அம்மாப்பேட்டை, சேலம்.